மருந்து அடிக்கிற ஆளை ஆர் பார்க்கிறது?

பயிருக்கு அடிக்கிற மருந்துக்குத் தடை எண்டாலே இலங்கையில எங்கட தோட்டக்காரருக்கு 2021 தான் ஞாபகம் வரும். இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் திடீரெண்டு இறக்குமதித் தடை வந்து, சனம் பட்ட பாட்டுக்குப் பிறகு நவம்பரில்தான் அரசாங்கம் இறங்கி வந்தது. அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதை வைச்சு "அரசாங்கம் மருந்தில் கைவைக்கவே கூடாது" எண்டு சொல்லுறதை நான் ஏற்கமாட்டன்.

1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவாளர் அனுமதிக்காத மருந்தை இஞ்ச விற்கேலாது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008இலிருந்து 2011க்குள் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் எண்டு ஒவ்வொண்டாய் ஆராய்ஞ்சு நிப்பாட்டினது இந்த ஏற்பாடுதான். விளைச்சல் விழுந்துபோகேல்லை. தற்கொலையில் உலகத்திலேயே முன்வரிசையில் இருந்த இந்த நாட்டில், 1995க்குப் பிறகு 20 வருசத்தில் அந்த வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைஞ்சது. முக்கிய காரணம் இந்தத் தடைகள் எண்டுதான் ஆய்வாளர்கள் சொல்லுகினம். எத்தினை வீட்டுப் பிள்ளையள் இண்டைக்கு உயிரோட இருக்குதுகள்!

அனுமதி குடுக்கிற மேசை தன்ர வேலையைச் செய்தது. தோட்டத்துக்குள்ளதான் ஒருத்தரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் வெங்காயத் தறையளைப் பாருங்கோ. கூலிக்கு வந்த ஆள் சாறத்தை மடிச்சுக் கட்டி, வெறுங்காலோட, முதுகில மெசினோட நிக்கிறார். போத்தலில் கையுறை போடு, முகத்தை மூடு எண்டு இருக்கு. எங்கட வெயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு அரைமணித்தியாலம் நிக்கேலாது. வாங்கிக் குடுக்கிறவரும் இல்லை. மருந்து தோலாலயும் உடம்புக்குள்ள போகும். தலையிடி, சத்தி, வியர்வை வந்தால் "வெயில் பிடிச்சிட்டுது" எண்டு சோடா குடிச்சிட்டுப் படுக்கினம். மெசினைக் கழுவுறது கிணத்தடியில். வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழ கிடக்கிற அந்தத் தண்ணியைத்தான் எங்களில கனபேர் குடிக்கிறம்.

வேலைத்தலப் பாதுகாப்புக்கு எங்களிட்ட இருக்கிற பிரதான சட்டம் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பேரே சொல்லுது, அது தொழிற்சாலைக்கு. வெங்காயத் தறை தொழிற்சாலை இல்லை. விவசாயப் போதனாசிரியருக்கு ஆலோசனை சொல்லத்தான் நேரம், அதுவும் ஒராளுக்குப் பல கிராமங்கள். வறிய நாடுகளில்கூட 40,000 தொழிலாளருக்கு ஒரு தொழில் பரிசோதகராவது வேணும் எண்டது சர்வதேச தொழில் அமைப்பின் அளவுகோல். கூலிக்கு மருந்தடிக்கிற மனிசர் எந்தக் கணக்கிலும் இல்லை.

"காசில்லாத நாட்டில் புது உத்தியோகமோ?" எண்டு கேட்பினம். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் மருந்துப் பாதுகாப்புக்கெண்டு பயிற்சி பெற்ற ஒராள் போதும். கடையில் விற்கிறதையும், கடலால கள்ளமாய் வாறதையும், தோட்டத்தில் அடிக்கிற விதத்தையும் அவர் பார்க்கட்டும். சட்டத்தில் தோட்டக் கூலியாளையும் சேர்க்கட்டும். வாக்குக் கேட்டு வாற எல்லாரிட்டையும் இதைக் கேளுங்கோ.

அதுவரைக்கும் தோட்டம் வைச்சிருக்கிற ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள்: கூலிக்கு வாற ஆளுக்கு நீளக் கைச் சட்டையும் சப்பாத்தும் கையுறையும் நீங்களே வாங்கிக் குடுங்கோ, வெயிலேற முந்தி அடிக்கச் சொல்லுங்கோ. ஆருக்கும் தலை சுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க அந்த மருந்துப் போத்தலையும் கையோட கொண்டு போங்கோ. என்ன மருந்தெண்டு தெரிஞ்சால்தான் டொக்டர் சுணங்காமல் வைத்தியத்தைத் தொடங்கலாம்.