இரவல் வாங்கியதை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்

நேற்று எல்லோரும் ஹார்ட் போட்டுக் கொண்டாடிய அந்த ஒற்றை வரி ரஸ்ட் கோடைப் பற்றித்தான். ஒரு பெயரை ரெஃபரன்ஸாக, அதாவது நகலெடுக்காமல் இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் சுட்டியாக, வாங்கி குளோபல் டேபிளில் பதிவு செய்யும் ஃபங்ஷன் அது. "இரவல் தரவு ஃபங்ஷனுக்கு வெளியே தப்புகிறது" என்று ரஸ்ட் கம்பைலர் நிறுத்தியது, 0521ஆம் எண் பிழை. ஒரு டைப்பை வேறொரு டைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் டிரான்ஸ்மியூட் போட்டு ரெஃபரன்ஸை ஸ்டாட்டிக், அதாவது புரோகிராம் முடியும்வரை செல்லுபடியாவது, என்று ஆக்கினார்கள். போனது பிழைச்செய்தி. பிழை அங்கேயேதான் இருக்கிறது.

பாராமீட்டராக வரும் ரெஃபரன்ஸ் இரவல் பொருள். ஃபங்ஷன் முடியும்வரை படிக்கலாம். குளோபல் டேபிளில் எடுத்து வைத்துக்கொள்வதாக இருந்தால் சிக்னேச்சரிலேயே சொல்லிவிட வேண்டும். கம்பைலர் கேட்டது இவ்வளவுதான்.

சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சி பிளஸ் பிளஸில் ஒரு கன்ஸ்ட்ரக்டர் பெயரை ஸ்ட்ரிங் வியூவாக (நகலெடுக்காமல் வேறொரு ஸ்ட்ரிங்கைக் காட்டுவது) வாங்கி, அப்படியே மெம்பரில் வைக்கிறது. அழைப்பவர் இரண்டு ஸ்ட்ரிங்கைக் கூட்டி அனுப்புகிறார். கூட்டிக் கிடைத்த தற்காலிக ஸ்ட்ரிங் அந்த வரியின் அரைப்புள்ளியோடு அழிந்துவிடும். மெம்பர் செத்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கொடுமை என்னவென்றால், டெஸ்ட்டில் இது மாட்டாமலே போகலாம். ஜிசிசி லைப்ரரியில் 15 பைட் வரையிலான ஸ்ட்ரிங், தனியாக ஒதுக்கும் மெமரியான ஹீப்புக்குப் போகாது, ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருக்கும். ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரியான ஸ்டாக்கில் அந்த இடத்தை வேறொன்று மிதிக்கும்வரை பழைய பெயர் சரியாகவே தெரியும். பிறகொரு நாள் லாகில் குப்பை அச்சாகும்.

"மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இருக்கிறதே" என்பீர்கள். அந்தப் பாதை ஓடினால்தான் அது பிடிக்கும்.

"ரஸ்ட்காரர்களின் பிடிவாதம்" என்கிறீர்களா? 2016இல் ஸ்விஃப்ட் 3, பாராமீட்டராக வரும் க்ளோஷர் (சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துவைக்கும் ஃபங்ஷன்) தப்பக் கூடாது என்பதையே இயல்பாக்கியது. வைத்துக்கொள்ள வேண்டுமானால் எஸ்கேப்பிங் என்று எழுதியாக வேண்டும். சி ஷார்ப்பில், மெமரியின் ஒரு பகுதியைக் காட்டும் ஸ்பானை ஒரு கிளாஸின் ஃபீல்டாக வைக்கவே முடியாது. 2022இல், வெளியே தப்பக் கூடாது என்று குறிக்கும் ஸ்கோப்டு என்ற சொல்லும் சேர்ந்தது. டி மொழியில் அதே வேலைக்கு ஸ்கோப். இத்தனை பேரும் ஒரே இடத்தில் வேலி கட்டியிருக்கிறார்கள்.

கோ மொழியில், யாரும் பயன்படுத்தாத மெமரியை மட்டும் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருப்பதால் மெமரி காலுக்கடியில் காணாமல் போகாது, உண்மை. ஆனால் உள்ளீட்டைத் துண்டு துண்டாகப் படிக்கும் பஃப்ஐஓ ஸ்கேனரின் பைட்ஸ் தரும் ஸ்லைஸை (பஃபரின் ஒரு பகுதியைக் காட்டுவது) ஒரு மேப்பில் வைத்துப் பாருங்கள். அடுத்த ஸ்கேன் அதே பஃபரின்மேல் எழுதலாம். நீங்கள் வைத்த பெயர் சத்தமில்லாமல் வேறொன்றாகிவிடும். அங்கேயும் இரவலை வைத்துக்கொண்டதுதான் குற்றம்.

ரஸ்ட்டில் ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்று சொல்லும் லைஃப்டைம் குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்றால், ஒரு ரெஃபரன்ஸ் வாங்கி ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு அவை எழுதவே வேண்டாம். ஒன்றையொன்று சுட்டும் கிராஃப் மாதிரி கட்டமைப்புகளில் படுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். நேற்றையது கிராஃப் இல்லையே, வெறும் பெயர்! பாராமீட்டரை ஸ்ட்ரிங்காகவே வாங்கியிருக்கலாம். டு ஓண்டு போட்டு நகலெடுத்திருக்கலாம். பல இடத்தில் பகிர வேண்டுமானால், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும் ஆர்க். புரோகிராம் தொடங்கும்போது ஒரே முறை ஓடும் பதிவு அது. சில பைட் நகலை மிச்சம் பிடிக்கவா இவ்வளவும்?

புதிதாகக் கற்பவர்கள் அதை "நல்ல டிரிக்" என்று குறித்துக்கொண்டு போனதைத்தான் தாங்க முடியவில்லை. டிரான்ஸ்மியூட்டுக்குத் தேவைப்படும், பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பேற்கும் அன்சேஃப் பிளாக்குக்கு மேலே ஒரு சேஃப்டி கமெண்டாவது எழுதச் சொல்லியிருக்கலாம்: "இந்தப் பெயர் புரோகிராம் முடியும்வரை உயிரோடு இருக்கும், ஏனென்றால்..." அந்த ஏனென்றாலுக்குப் பிறகு எழுத அங்கே எதுவும் இல்லை.