கடலுக்குள் கேட்கும் கப்பல் சத்தம் மலையகத்துக்கும் சம்பந்தப்பட்டதுதான்

இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதையை, திமிங்கிலங்கள் கப்பலில் மோதிச் சாகாமல் இருக்க, இன்னும் 15 கடல் மைல் தெற்கே தள்ளி வைக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். “ஹட்டனில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் அண்ணே கடல் கதை, சம்பளப் பிரச்சினையை எழுதுங்கள்” என்று ஒரு தம்பி கேட்டார். சம்பளத்தையும் எழுதுவேன் தம்பி. ஆனால் இதையும் விட முடியாது.

கடலில் 1000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளியே கிடையாது. அங்குள்ள உயிர்கள் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. தூண்டில் மீனின் தலையில் தொங்கும் விளக்கில் ஒளி தருவது, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. ஆழ்கடல் இறால்கள் பல நல்ல சிவப்பு. சிவப்பு ஒளி அந்த ஆழத்துக்கு இறங்காததால் அவை கறுப்பாகத்தான் தெரியும், எதிரியின் கண்ணில் படாது. 2022இல் ஜப்பானுக்கு அருகே 8336 மீட்டர் ஆழத்தில்கூட ஒரு மீனைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒலிதான். கடல்நீரில் அது விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். மேலே சூடு, கீழே அழுத்தம், இரண்டும் ஒலியை வேகப்படுத்தும். நடுவில், பல கடல்களில் 1000 மீட்டர் அளவில், ஒலி மெதுவாகப் போகும் ஒரு படலம் இருக்கிறது. மேலேயோ கீழேயோ விலகும் ஒலி வளைந்து அதற்குள்ளேயே வந்துவிடும், அதனால் வெகுதூரம் போகும். 1960இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் அருகே கடலில் வெடி வைத்தார்கள். ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து, உலகின் மறுபக்கம் பெர்முடாவில் அது கேட்டது!

திருகோணமலைக்கு வெளியே எண்ணெய்த் திமிங்கிலம் ‘டக் டக்’ என்று ஒலி விட்டு, திரும்பும் எதிரொலியை வைத்துக் கணவாயைத் தேடுகிறது. கூவியர் அலகுத் திமிங்கிலம் ஒன்று 2992 மீட்டர் வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. நாட்டின் உயர்ந்த மலையான நம் பிதுருதலாகலையே 2524 மீட்டர்தான். அந்த இருட்டில் அதற்குக் கண்ணும் காதுதான்.

அந்தக் காதைத்தான் நாம் அடைக்கிறோம். 2015இல் மரியானா அகழியில், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழத்தில், ஒலிவாங்கியை இறக்கினார்கள். நிலநடுக்கமும் திமிங்கிலமும் கேட்டன, மேலே போகும் கப்பலின் புரொப்பெல்லரும் கேட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்தன. அங்கிருந்த திமிங்கிலங்களின் மலத்தைச் சோதித்துப் பார்த்தால், மன அழுத்த ஹார்மோன் இறங்கியிருந்தது. அப்படியானால் மற்ற நாளெல்லாம் அவை எப்படி இருந்திருக்கும்? இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். தெய்வேந்திரமுனைக்கு அருகே, மிரிஸ்ஸவுக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தினூடாகவே உலகின் பெரிய கப்பல் பாதை ஒன்று போகிறது. பாதையைத் தள்ளினால் முதல் பலன், மோதிச் சாவது குறையும். சத்தம் தூரம் போகும் என்பதால் அது மட்டும் போதாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். மெதுவாகப் போகும் கப்பல் பொதுவாகச் சத்தமும் குறைவாகவே போடும். எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022 முதல் தானாகவே தெற்கே விலகிப் போகிறது. ஆக, முடியாத காரியமில்லை. அதிகாரபூர்வப் பாதையை மாற்றச் சொல்லி சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசுதான் போய்க் கேட்க வேண்டும்.

நமக்கு என்ன சம்பந்தம் என்றால், சீனாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்புக்கு வரும் கப்பல் தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் வருகிறது. நம் வீட்டில் இருக்கும் சாமான்கள் பல அந்த வழியில் வந்தவைதான். நம் அம்மாமார் பறித்த கொழுந்தும் தேயிலையாகிக் கொழும்பிலிருந்து கப்பல் ஏறுகிறது. தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கிறோம், ஆற்றோரக் காட்டை விட்டு வைத்திருக்கிறோமா என்றெல்லாம் வெளிநாட்டு வியாபாரிகள் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது, கேட்கட்டும். துறைமுகம் வரைக்கும் கேட்கிறவர்கள், தேயிலை ஏற்றும் கம்பனியின் கப்பல்கள் தெய்வேந்திரமுனையை எவ்வளவு தள்ளி, என்ன வேகத்தில் கடக்கின்றன என்பதையும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்க்க வேண்டும்.