வசந்தம் என்றால் ஸ்நோ கொட்டாது என்று யார் சொன்னது?

சனிக்கிழமை அடித்த ஏப்ரல் ஸ்நோப் புயலுக்குப் பிறகு சுற்றுகிற அந்த வீடியோவை எனக்கு மட்டும் ஒன்பது பேர் அனுப்பியிருக்கிறார்கள். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, பார்க்காதவர்கள் இங்கே ரொறன்ரோப் பக்கத் தமிழருக்குள் குறைவு. கணுக்காலுக்கு மேலே ஸ்நோ நிற்கிற டிரைவ்வேயில் ஸ்நோ தள்ளுகிற சவலை ஊன்றிக்கொண்டு, மார்ச் தொடக்கத்தில் வந்த வசந்தகால வானிலை முன்னறிவிப்பை அச்செடுத்துக் கமராவுக்குக் காட்டி, "இந்த வருசம் சூடான வசந்தமாம்" என்று சொல்லி நாலாகக் கிழித்துப் போடுகிறார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கிழித்த தாளில் பொய் எதுவும் இருக்கவில்லை. ஏப்ரலில் ஸ்நோ கொட்டாது என்று அதில் எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத ஒன்றை எழுதியதாக வைத்துக்கொண்டு ஒரு ஊரே சிரிக்கிறது.

கனடா சுற்றுச்சூழல் திணைக்களம் போடுகிற பருவகாலக் கணிப்பை ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். அதில் நாள் இல்லை, நேரம் இல்லை, இத்தனை சென்ரிமீற்றர் என்று இல்லை. மூன்று மாதத்தைச் சேர்த்து ஒரே சராசரி. அந்தச் சராசரி வழமையைவிடக் கூடவா, குறைவா, ஏறக்குறைய வழமைதானா என்று மூன்று பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சதவீதம். வழமை என்பதும் முப்பது வருடக் கணக்கைக் கூட்டி எடுத்ததுதான். எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிச் சொன்னால்கூட ஒவ்வொரு பெட்டிக்கும் 33 சதவீதம் வரும். ஒரு இடத்துக்கு "கூட" என்ற பெட்டியில் 50 போட்டிருந்தால் அந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அந்த இடத்திலும் மிச்ச 50 மற்ற இரண்டு பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது.

சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். மார்ச், ஏப்ரல், மே சேர்த்து 92 நாட்கள். அதில் இரண்டு நாள் புயலடித்து வழமையைவிட 8 பாகை குளிர் என்று வையுங்கள். மிச்ச 90 நாளும் வழமையைவிட ஒரே ஒரு பாகை சூடு. கூட்டிப் பிரித்தால் அந்த வசந்தம் வழமையைவிட 0.8 பாகை சூடான வசந்தம். ஸ்நோவும் கொட்டியிருக்கும், முன்னறிவிப்பும் சரியாக இருந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை.

ஏப்ரலில் ஸ்நோ என்பது ஏதோ உலகத்தில் நடக்காத விசயமும் இல்லை. ப்ளூ ஜேஸ் பேஸ்போல் அணி தன்னுடைய முதலாவது ஆட்டத்தை ரொறன்ரோவில் விளையாடியது 1977 ஏப்ரல் 7ஆம் திகதி. மைதானம் முழுக்க ஸ்நோ. ஐஸ் ஹொக்கிக்காரரிடம் ஐஸ் தளத்தை வழிக்கிற ஸம்போனி வண்டியை இரவல் வாங்கி வழித்துத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். 1997இல் மார்ச் 31க்கும் ஏப்ரல் முதலாம் திகதிக்கும் இடையில் பொஸ்ரனில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. வடக்கே ஆர்க்டிக் குளிர் இன்னும் கலையாமல் நிற்கும், தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ஈரமும் சூடும் ஏறத் தொடங்கியிருக்கும். இரண்டும் நம் தலைக்கு மேலே முட்டிக்கொள்கிற மாதம்தான் ஏப்ரல். அதனால்தான் இங்கே தோட்டம் செய்கிற ஆட்கள் மே 24 வார இறுதி கழியும்வரை தக்காளிக் கன்றை நிலத்தில் வைப்பதில்லை. நேற்று வந்த எனக்கே அது தெரியும். முப்பது வருடம் இருக்கிறவருக்குத் தெரியாதா?

"பருவகாலக் கணிப்பை விடுங்கள் அக்கா, சனிக்கிழமை 15 சென்ரிமீற்றர் என்றார்கள், எங்கள் வீட்டில் 5தான் விழுந்தது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். ஜனவரியில் மைனஸ் 12 என்றால் எது விழுந்தாலும் அநேகமாக ஸ்நோதான், அடிதடியே இல்லை. ஏப்ரலில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் ஊசலாடும். ஒரு பாகை கூடினால் மழை, ஒரு பாகை குறைந்தால் ஸ்நோ, மேலே சூடும் கீழே குளிருமாக நின்றால் ஐஸ் மழை. ஒரு சென்ரிமீற்றர் மழைத்தண்ணீர் ஸ்நோவாக மாறினால் ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர். அப்போ அந்த ஒரு பாகை எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். இதற்குள் ஒன்ராறியோ ஏரி வேறு பக்கத்தில் கிடக்கிறது. ஏரிக்கரையில் இருப்பவருக்கு நசநசவென்று மழை, அரை மணி நேரம் வடக்கே ஓடிப்போய் மேட்டில் ஏறினால் வெள்ளை. தம்பி, உங்கள் வீட்டில் 5 விழுந்த அதே நேரம் வடக்கே என் வேலைத்தோழி காரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தா.

இன்னொருவர் வரிப்பணத்தை இழுத்தார். அதற்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். "முன்கூட்டியே வருகிறது வசந்தம்" என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் பூப்படம் வைக்கிற ஊடகங்கள் செய்வது சரியில்லை. வசந்தம் சீக்கிரம் வருமா என்று குறி பார்க்க வைத்திருக்கிற வயாட்டன் வில்லி என்ற கிரவுண்ட்ஹொக் மிருகம் பெப்ரவரி 2ஆம் திகதி தன் நிழலைப் பார்த்ததா இல்லையா என்பதையும் கணினி போட்ட கணிப்பையும் ஒரே செய்தியில் கலந்து கொடுத்தால் சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோபத்தைத் தலைப்புப் போட்டவரிடம் காட்டுங்கள். கணித்தவர் சதவீதம் போட்டுத்தான் கொடுத்தார். சதவீதத்தைத் தூக்கியெறிந்தது நாங்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கிறவர்களுக்காக 2018ஐச் சொல்கிறேன்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு சனிக்கிழமை வந்தது, ஏப்ரல் 14. ஐஸ் மழை வருகிறது என்று முதலே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இவங்கள் இப்படித்தான் சொல்லுவாங்கள், சித்திரையில என்ன ஐஸ்" என்று சொன்னேன். இதே வசனம். அதற்கு முதல் வாரம்தான் வின்ரர் ரயரைக் கழற்றிக் கராஜில் அடுக்கியிருந்தோம். ஏழு பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும் என்று ரயர் மாற்றிய பொடியன் சொல்லியும் கேட்கவில்லை.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போக வெளியில் வந்தால் கார்க் கதவு திறக்கவில்லை. கைப்பிடிக்கு மேலே கண்ணாடி வார்த்தது மாதிரி ஐஸ். வானத்திலிருந்து விழுந்தது ஸ்நோ இல்லை, சவ்வரிசி மாதிரி ஐஸ் மணி, ஜக்கெற்றில் பட்டுச் சடசடவென்று தெறித்தது. சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது என்று தெரியும், அதனால் முழங்கையால் இடித்து இடித்துத்தான் கதவைத் திறந்தேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம். பிரேக்கில் கால் வைத்தேன், பெடல் பாதத்துக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது, கார் நிற்கவில்லை. நடைபாதை விளிம்பில் போய் முட்டித்தான் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கிருந்து நகர எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

அன்றைக்கு நான் எழுப்பிக் கழுவி உடுப்பு மாற்றவேண்டியவர் எண்பது வயது தாண்டியவர், தனியே இருப்பவர், தானாகக் கட்டிலால் இறங்க ஏலாது. நான் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் ஈரப் படுக்கையில் கிடந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ரோட்டு மோசமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் படுக்கை விரிப்பை நான் உருவி எடுத்தபோது அது சில்லென்று இருந்தது. எட்டு வருடமாகப் போகிறது, இன்னும் கையில் அந்தக் குளிர் இருக்கிறது.

மறுநாள் சீஎன் கோபுரத்திலிருந்து ஐஸ் பாளம் விழுந்து பக்கத்து றொஜர்ஸ் சென்ரர் கூரையில் ஓட்டை விழுந்தது, அன்றைய பேஸ்போல் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஊர் முழுக்க அந்தக் கூரையைப் பற்றித்தான் கதைத்தது. எனக்கு அந்தப் படுக்கை.

முன்னறிவிப்பு பிழையாகவில்லை. அதை நம்பக்கூடாது என்று எனக்கு யாரோ பழக்கியிருந்தார்கள், நான்தான் பிழை விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வீடியோ, ஒரு மீம், "இவங்கள் சொன்னா எதிர்மாறாத்தான் நடக்கும்" என்று ஒரு சிரிப்பு. கேட்டுக் கேட்டு, உண்மையான எச்சரிக்கை வருகிற அன்றைக்கும் கை தானாகப் போனைத் தள்ளிவிடுகிறது. இந்தப் புயலையும் வியாழக்கிழமையே சொன்னார்கள். அதைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு சொல் இல்லை. மார்ச் மாதத் தாளைக் கிழித்தவர் வியாழக்கிழமை எச்சரிக்கையை ஏன் காட்டவில்லை?

இதையே சுருக்கமாக அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். வந்த பதில்: "முதியோருக்குப் பம்பர்ஸ் மாத்துறவ எங்களுக்கு வெதர் படிப்பிக்க வந்திட்டா." நாற்பத்திரண்டு பேர் அதற்கும் சிரித்திருக்கிறார்கள்.

ஓம், மாற்றுகிறேன். விடிய ஐந்து மணிக்கு, நீங்கள் போர்வைக்குள் இருக்கிற நேரம், உங்கள் அப்பா அம்மாவைப் போன்றவர்களுக்குத்தான் மாற்றுகிறேன். அந்த வேலைக்குப் போக ரோட்டில் இறங்கவேண்டும். ரோட்டில் இறங்க வானத்தைத் தெரிந்திருக்கவேண்டும். வீட்டுக்குள் இருந்து வேலை செய்கிறவருக்கு வானிலை ஒரு கதை. ட்ரக் ஓட்டுகிறவருக்கும் ஸ்நோ தள்ளுகிறவருக்கும் எனக்கும் அது அன்றைய நாளே. அந்த நாற்பத்திரண்டு பேரில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். பெயரைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது, அதை மறைக்கப் போவதில்லை.

இன்றிரவு மழை, விடியப்புறம் மைனஸ் 2 என்று போட்டிருக்கிறார்கள். அதாவது மழை விழுந்த ரோட்டு அப்படியே உறையும், கறுப்பாகத்தான் தெரியும், ஈரம் என்று நினைப்பீர்கள். என் வின்ரர் ரயர் இன்னும் காரில்தான் இருக்கிறது. வழமையாக ஐந்துக்கு வெளிக்கிடுகிறவள் நாளைக்கு நாலரைக்கே வெளிக்கிடுகிறேன்.