ஒரே ஒரு இடைவெளியை அழித்ததற்கா இத்தனை சுழல் அம்பு?

மறுபடியும் அந்தச் சுழல் அம்பு. வேர்ட்பிரஸில் (தளம் கட்டுகிற மென்பொருள்) கட்டிய என் தளத்தில், ஒரு பக்கத்தின் மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்று சொல்ல மொழிபெயர்ப்பு ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) போடுகிற குறி அது. பக்கங்களின் பட்டியலில் மொழிக்கு ஒன்றாக வரிசைகட்டி நிற்கிறது. 'புதுப்பிக்க வேண்டும்' என்கிறது. எதைப் புதுப்பிக்க வேண்டும்? சொல்லாது. யார் எதை மாற்றியதால் இந்த நிலை வந்தது? அதையும் சொல்லாது. பன்மொழித் தளம் ஒன்றைக் கட்டி மேய்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த அம்பைப் பார்த்து ஒரு நாளாவது வயிறு எரிந்திருப்பார்கள். அதனால் முன்கதை வேண்டாம், நேராக நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

நேற்று நான் செய்த காரியம் இவ்வளவுதான். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளிக்கு அப்புறம் இரண்டு இடைவெளி இருந்தது. ஒன்றை அழித்தேன். 'அப்டேட்' அழுத்தினேன். பட்டியலுக்குத் திரும்பினால் தமிழ், இந்தி, பிரெஞ்சு, அரபி என்று எல்லா மொழியும் ஒரே நொடியில் 'முடிந்தது' நிலையிலிருந்து 'புதுப்பிக்க வேண்டும்' நிலைக்கு விழுந்துவிட்டது. ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு பொருள் மாறவில்லை, படிப்பவர் கண்ணுக்கே தெரியாத ஒரு வெற்றிடம் போனது. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

சரி, தமிழை முதலில் முடிப்போம் என்று மொழிபெயர்ப்பு எடிட்டரைத் திறந்தேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சை டிக். கீழே பட்டையில் 100%. அதாவது, வெளியே பட்டியல் வேலை பாக்கி இருக்கிறது என்கிறது. உள்ளே எடிட்டர் ஒரு வேலையும் இல்லை என்கிறது. இரண்டும் ஒரே ப்ளகின். பணத்தைக் கட்டி வாங்கிய ஒரே ப்ளகின்.

முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியேறலாம் என்றால் 'முடி' பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. ஏன்? எதையும் மாற்றவில்லையாம், அதனால் சேமிக்க ஒன்றும் இல்லையாம். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் முடிக்க முடியாது. முடிக்காததால் நிலை மாறாது. இதை எழுதிய புண்ணியவான் ஒரு தடவையாவது தன் கையால் ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் பார்த்திருப்பாரா?

இதற்கு நாம் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். சரியாக இருக்கிற ஒரு வாக்கியத்தில் ஒரு எழுத்தை அழித்து, அதே எழுத்தைத் திரும்ப அடிப்பது. உடனே பொத்தானுக்கு உயிர் வருகிறது. அழுத்தினேன். பட்டியலுக்கு வந்தால் அம்பு போய்விட்டது, அதன் இடத்தில் பல்சக்கரம். 'பணி நடந்துகொண்டிருக்கிறது.' யார் செய்கிற பணி? அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது நான் ஒருவர்தான், நானும் மூடிவிட்டேன். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தேன், சக்கரம். கேஷை, அதாவது சேர்த்து வைத்த பழைய நகலை அழித்தேன், சக்கரம். வெளியேறித் திரும்ப லாகின் செய்தேன், சக்கரம். டேட்டாபேஸையே திறந்து அந்த வரியைப் பார்த்தேன். நிலை என்கிற கட்டத்தில் 'முடிந்தது'க்கு உரிய எண் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், புதுப்பிக்க வேண்டுமா என்பதற்கு 1. ஒரே வரிக்குள் ஆமாம், இல்லை இரண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சக்கரம் தானாக மறைந்தது. திரும்பவும் சுழல் அம்பு!

இந்த நேரம் பார்த்து மொழிபெயர்ப்பாளர் கூப்பிடுகிறார். "சார், அந்தப் பக்கத்தை நான் அன்னைக்கே முடிச்சுக் குடுத்துட்டேனே, திரும்ப என் பேருக்கே வந்திருக்கு. நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்த ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன் வேலையையே சந்தேகத்தோடு மறுபடி படித்திருக்கிறார். ஒரு மெஷின் போட்ட பொய்க் குறிக்காக. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது அங்கேதான்.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். எல்லா ப்ளகின்களையும் நிறுத்துங்கள். தளத்தின் தோற்றத்தைத் தருகிற 'தீம்'-ஐ மாற்றுங்கள். மெமரி லிமிட்டைக் கூட்டுங்கள். தளத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தளம் ஐயா அது! ஒரு படிவம் நிற்க முடியாது, ஒரு பக்கம் காணாமல் போக முடியாது. நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பக்கத்தில் எது மாறியதாக உங்கள் மென்பொருள் நினைக்கிறது? அதற்கு மட்டும் பதில் இல்லை.

பதில் ஏன் இல்லை என்றால், மென்பொருளுக்கே தெரியாது. தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம், வகைகள், கூடுதல் புலங்கள் எல்லாவற்றையும் ஒரே கயிறாகத் திரித்து அதற்கு எம்டி5 என்கிற கணக்கு முறையில் ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை சேமிக்கும்போது மறுபடி ஒரு கைரேகை. இரண்டும் ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் அம்பு. ரொனால்ட் ரிவெஸ்ட் 1992-இல் ஆர்எஃப்சி 1321 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியிட்ட எம்டி5, உள்ளே போவது ஒரு இடைவெளியானாலும் ஒரு புத்தகமானாலும் 32 எழுத்துகளைத்தான் தரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த 32-இல் பெரும்பாலானவை மாறிவிடும். அப்படி மாறுவதற்காகவே செய்யப்பட்டது அது. மாறியதா என்று கேட்டால் சொல்லும். எது, எவ்வளவு என்று அதனிடம் கேட்கவே முடியாது. அதை நம்பி மனிதர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வகையின் பெயரைத் திருத்தினாலும், தேடுபொறியில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவர வைக்கும் எஸ்இஓ ப்ளகின் யாரும் பார்க்காத ஒரு புலத்தில் தன் மதிப்பெண்ணை எழுதி வைத்தாலும் சில அமைப்புகளில் இதே கதிதான்.

இதுகூடப் பரவாயில்லை, வீண் வேலைதானே என்று நினைப்பீர்கள். இதன் மறுபக்கம்தான் கொடுமை. பல பக்கங்களில் வருகிற அறிவிப்பை ஒரே இடத்தில் எழுதி எல்லாப் பக்கத்திலும் செருகுகிற பொது பிளாக் உண்டல்லவா? வேர்ட்பிரஸில் அது தனிப் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. பக்கத்துக்குள் இருப்பது அதன் எண் மட்டும்தான். அந்த பிளாக்கில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை மாற்றினார்கள். பக்கத்துக்குள் இருக்கும் எண் மாறவில்லை, எனவே கைரேகை மாறவில்லை, எனவே எல்லா மொழியிலும் அந்தப் பக்கங்கள் 'முடிந்தது' என்றே நின்றன. ஆங்கிலத்தில் படித்தவருக்குப் புதுத் தேதி. தமிழில் படித்தவருக்குப் பழைய தேதி. பிளாக்கின் பக்கத்தில் ஒரு சுழல் அம்பு வந்துதான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இடைவெளிக்கும் கமாவுக்கும் வந்த அம்புகளின் கூட்டத்தில் அதுவும் ஒன்றாக நின்றது. யார் கண்ணுக்குப் படும்? தினமும் பொய் சொல்கிற குறியை ஒருவர் எத்தனை நாள் மதித்துக்கொண்டிருப்பார்?

இவ்வளவும் செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. மென்பொருள்களை மொழிபெயர்க்க உதவும் குனூ கெட்டெக்ஸ்ட் 1990-களிலிருந்து இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனிக் கணக்கு. ஆங்கில வாக்கியம் லேசாக மாறினால் எம்எஸ்ஜிமெர்ஜ் என்கிற அதன் கருவி பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கி எறியாது. அந்த ஒரு வாக்கியத்தின் தலையில் மட்டும் 'ஃபஸி', அதாவது சரிபார்க்க வேண்டியது என்று எழுதும். கேட்டுக்கொண்டால் பழைய ஆங்கில வாக்கியத்தையும் அதன் மேலேயே வைக்கும். இரண்டையும் பார்த்ததும் எது மாறியது என்று தெரிந்துவிடும். நீங்கள் சரிபார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை, தனியாகச் சொன்னால் ஒழிய, அது, மென்பொருள் கடைசியில் எடுத்துப் படிக்கிற .எம்ஓ கோப்புக்குள் போகாது. மொழிபெயர்ப்பவர் கை வைக்கிற .பிஓ கோப்போ வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். வேர்ட்பிரஸ் போலவே தளம் கட்டுகிற ட்ரூபலிலோ, திருத்துகிறவரிடமே ஒரு டிக் பெட்டி இருக்கிறது: மற்ற மொழிபெயர்ப்புகள் பழையதாகிவிட்டன என்று குறிக்கட்டுமா? இடைவெளியை அழித்தவர் வேண்டாம் என்று விட்டுவிடுவார். தேதியை மாற்றியவர் டிக் போடுவார். மனிதரிடம் கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

நமக்கு வாய்த்ததோ 'பிழைநீக்கம்' என்ற பெயரில் ஒரு பக்கம் நிறையப் பொத்தான்கள். மொழிபெயர்ப்பு அட்டவணையிலிருந்து பேய் வரிகளை நீக்கு. மொழி விவரத்தை மறுபடி ஒதுக்கு. எல்லா நிலையையும் திரும்பக் கணக்கிடு. அதற்கு மேலே, முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு எச்சரிக்கை. எந்தப் பொத்தான் எந்த நோய்க்கு என்று எங்கும் இல்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார் என்கிறார்கள். நான் என்ன பரிசோதனை எலியா?

சக்கரம் விடாமல் சுற்றுகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கேயோ இருக்கிறது. தளத்தின் உள் கிரான் (குறித்த வேலைகளைத் தானாகச் செய்கிற ஏற்பாடு), யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் ஓடும். முழுப் பக்க கேஷ் முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டால் கிரானை எழுப்ப ஆளில்லை. சர்வரின் கிரானை வைத்து அதை நேரத்துக்கு நேரம் ஓட விட்டால் பாதிச் சக்கரங்கள் நின்றுவிடும். ஸ்டேஜிங் தளத்துக்கு, அதாவது சோதனைக்கான நகல் தளத்துக்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டிருந்தால் வெளியிலிருந்து முடிந்த மொழிபெயர்ப்பு உள்ளே வர வழியில்லை, அதுவும் 'காத்திருக்கிறது' என்றே கிடக்கும். சுவரில் பல தடவை முட்டிய பிறகு நானாகத் தெரிந்துகொண்டது இது. இதைத் திரையில் ஒரு வரியாக எழுதிவிட முடியாதா? 'கிரான் ஓடவில்லை, அதனால் நிற்கிறது.' அவ்வளவுதானே வேண்டும்!

எனக்கு வேண்டியது அழகான ஐகான் இல்லை. அம்பின் மேல் கையை வைத்தால், இந்த வாக்கியம், இந்தத் தேதியில், இவரால் மாறியது என்று ஒரு வரி வரட்டும். 'மாற்ற ஒன்றுமில்லை, அப்படியே முடி' என்று ஒரு பொத்தான் வரட்டும். பொது பிளாக் மாறினால் அதைத் தாங்குகிற எல்லாப் பக்கமும் பட்டியலில் தெரியட்டும். இதைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுபோச்சு. ஒவ்வொரு புது வெளியீட்டிலும் வருவது ஏஐ மொழிபெயர்ப்பு, புது நிறம், புது விலை.

அப்புறம் இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலைப்புகளுக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1 என்று வைத்து, மிஞ்சியதை மறைக்கிற ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போடுகிற டிசைனர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். 'கீ' எழுதினால் மேலே இருக்கிற சுழி வெட்டுப்பட்டு 'கி' ஆகிவிடுகிறது, 'கி' எழுதினால் மேல்விலங்கு போய் 'க' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் சரியாக வருகிறது என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள். தமிழில் ஒரு தலைப்பைப் போட்டுப் பாருங்கள், அதன் பிறகு ஒப்புதல் கேளுங்கள்.