மக்பேலா குகையும் இரண்டு பத்திரங்களும்

இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பேச்சு எடுத்தாலே "அது மதச் சண்டை, ஆயிரத்து நானூறு வருஷமா நடக்குது, தீராது" என்று யாராவது ஒருவர் முடித்துவிடுகிறார். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவும் அதையேதான் எழுதினார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே போடுகிறேன்.

சித்தப்பா, ஹெப்ரோன் என்ற ஒரே ஒரு ஊரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜெருசலேமுக்குத் தெற்கே, மேற்குக் கரையில் இருக்கிறது. தமிழ் பைபிளில் எபிரோன், அரபியில் அல் கலீல். பைபிளின் ஆபிரகாம்தான் முஸ்லிம்களுக்கு இப்ராஹீம் நபி. இறைவனின் நண்பர் என்று அவருக்கு உள்ள பெயர்தான் ஊருக்கும்.

மனைவி சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் அங்கே மக்பேலா குகையை வாங்கிய கதை பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் வருகிறது. நிலத்துக்காரன் எப்பெரோன் முதலில் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை, விலைக்குத்தான் கேட்கிறார். 400 சேக்கல் வெள்ளி, நமக்குள்ளே அது என்ன பெரிய விஷயம் என்கிறான் அவன். ஊரார் முன்னிலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். வயல், குகை, எல்லையில் நிற்கும் மரங்கள் வரை அந்த வசனத்தில் கணக்காக வரும். நம் ஊர்க் கிரயப் பத்திரம் படிப்பதுபோலவே இருக்கும். அப்புறம் ஆபிரகாம் இறந்தபோது அதே குகையில் அவரை அடக்கம் செய்தது ஈசாக்கும் இஸ்மவேலும், இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து. யூதர்கள் ஈசாக்கின் வழி, அரபிகள் இஸ்மவேலின் வழி என்பது இரு தரப்பு நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் பங்காளிகள்.

அந்தப் பங்காளிகள் ஆயிரத்து நானூறு வருஷமும் வெட்டிக்கொள்ளவில்லை. 1492-இல் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசு யூதர்களை விரட்டியபோது பெரும் எண்ணிக்கையில் அவர்களுக்கு இடம் கொடுத்தது துருக்கி முஸ்லிம்களின் உஸ்மானியப் பேரரசு. யூத மதத்தின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவரான மைமோனிடிஸ், முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் காலத்துக் கெய்ரோவில் அரண்மனை மருத்துவராக இருந்தார். தன் தத்துவ நூலை எழுதியது அரபு மொழியில். எல்லாம் சுமுகம் என்றும் சொல்ல மாட்டேன். 1260-களில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்தக் குகை வளாகத்துக்குள் யூதர்கள் போகத் தடை போட்டார். பிற்காலத்தில் வெளிப் படிக்கட்டில் ஏழாம் படி வரைதான் அவர்களுக்கு அனுமதி. தங்கள் முப்பாட்டன் சமாதிக்கு வெளியே, ஏழாம் படியில் நின்று தலைமுறை தலைமுறையாகத் தொழுதிருக்கிறார்கள். அந்த அவமானத்தை யாரும் லேசாக எண்ணக்கூடாது. ஆனாலும் அது கொலைக்களமாக இருக்கவில்லை.

கொலைக்களமானது 1929 ஆகஸ்டில். யூதர்கள் தொழும் ஜெருசலேமின் மேற்குச் சுவரில் யாருக்கு என்ன உரிமை என்ற தகராறு முற்றி, அதை ஒட்டியுள்ள அல் அக்ஸா பள்ளிவாசலை யூதர்கள் பிடிக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. ஹெப்ரோனில் 67 யூதர்களைக் கொன்றார்கள். பக்கத்து வீட்டு அரபுக் குடும்பங்கள் பல, யூதர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றின. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நாளில் நடந்தது.

இத்தனைக்கும் யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தைத் தொடங்கிய ஹெர்ட்ஸலோ, இஸ்ரேல் நாட்டை அறிவித்த பென் குரியனோ மதப் பற்றாளர்கள் இல்லை. மேசியா வருமுன் நாடு அமைப்பதே பாவம் என்று எதிர்த்த ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், ஏராளம். அந்தப் பக்கமும் அப்படித்தான். பாலஸ்தீனப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹபாஷ் கிறிஸ்தவர். நிலத்துக்காக, நாட்டுக்காக நடந்த சண்டை அது. நிலச் சண்டை என்றால் எவ்வளவு கசப்பானாலும் ஒரு நாள் அளந்து பிரிக்கலாம்.

பிரிக்க முடியாமல் செய்தவை இரண்டு பத்திரங்கள்.

முதல் பத்திரம் ஆபிரகாமின் அந்தக் கிரயம். 1967 போரில் ஹெப்ரோன் இஸ்ரேல் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே பஸ்கா பண்டிகைக்கு ரப்பி மோஷே லெவிங்கர் தன் கூட்டத்தோடு அங்கே ஒரு ஹோட்டலில் தங்கினார். பண்டிகை முடிந்தும் காலி செய்யவில்லை. ஆபிரகாம் காசு கொடுத்து வாங்கிய ஊர், கடவுள் வாக்களித்த மண், நாங்கள் ஏன் போகவேண்டும் என்பதுதான் வாதம். மதச்சார்பற்ற தொழிற்கட்சி அரசு அவர்களை வெளியேற்றுவதற்குப் பதில் பக்கத்திலேயே கிர்யாத் அர்பா என்ற குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்த ரப்பியைவிட அந்த அரசுதான் பெரிய குற்றவாளி. நம்பிக்கை இல்லாதவர்கள் நம்பிக்கைக்காரர்களைத் தங்கள் வசதிக்காக வளர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது பத்திரம் 1988-இல் பாலஸ்தீன இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் வெளியிட்ட சாசனம். பாலஸ்தீன மண் முழுவதும் மறுமை நாள் வரை முஸ்லிம் தலைமுறைகளுக்கான வக்ஃபு, அதில் ஒரு துண்டைக்கூட விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றது அது. வக்ஃபு சொத்து என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். விற்கவும் முடியாது, பங்கு போடவும் முடியாது.

ஒருவர் கையில் கடவுள் போட்டுக் கொடுத்த பட்டா, இன்னொருவர் கையில் கடவுளுக்கே எழுதிவைத்த சொத்து. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பஞ்சாயத்தில் உட்கார முடியும்?

1994 பிப்ரவரி 25, ரமலான் மாத வெள்ளிக்கிழமை. அன்று யூதர்களுக்குப் பூரிம் பண்டிகை. அந்தக் குகை வளாகத்தில் உள்ள இப்ராஹீம் நபி பள்ளிவாசலில் சுபுஹு தொழுகையில் குனிந்திருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டான் கிர்யாத் அர்பாவைச் சேர்ந்த பாரூக் கோல்ட்ஸ்டீன். 29 பேர் செத்தார்கள். அவன் ஒரு டாக்டர். நாற்பதாம் நாள் இஸ்ரேலின் அஃபூலா ஊரில் பேருந்து ஓரம் காரை வெடிக்கவைத்து ஹமாஸ் பழி தீர்த்தது. அடுத்த வருஷம், பாலஸ்தீனர்களோடு சமாதானத்துக்குக் கையெழுத்திட்ட இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டுக் கொன்றவனும் ஒரு யூதன்தான். அவன் காட்டிய நியாயமும் மதச் சட்டம்தான்.

கோல்ட்ஸ்டீனின் படத்தைத் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தவர் இத்தமார் பென் க்விர். 2022 கடைசியில் இஸ்ரேலில் அவரை அமைச்சராக்கினார்கள், அதுவும் தேசப் பாதுகாப்புக்கு. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்ற தாக்குதலுக்கு ஹமாஸ் வைத்த பெயர் அல் அக்ஸா வெள்ளம். சில வாரங்களில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, பைபிளில் இஸ்ரவேலரின் பகைவர்களாக வரும் அமலேக்கியரை நினைவில் வைக்கச் சொன்னார். குழந்தைகளைக்கூட விடாதே என்று இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கட்டளை வந்தது அந்த அமலேக்கியர் விஷயத்தில்தான். காஸாவில் செத்தவர்கள் 60,000-ஐத் தாண்டிவிட்டார்கள் சித்தப்பா.

இன்று அந்தக் குகை வளாகத்தைப் ஒரு பகுதி பள்ளிவாசலாகவும் இன்னொரு பகுதி யூத ஆலயமாகவும் பிரித்திருக்கிறார்கள். நடுவில் ஆபிரகாமின் சமாதி. இந்தப் பக்கம் ஒரு கம்பி ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு கம்பி ஜன்னல், இடையில் குண்டு துளைக்காத கண்ணாடி. வெளியே பழைய கடைத்தெருவுக்கு மேலே கம்பி வலை கட்டியிருக்கிறார்கள், மாடியில் இருக்கும் யூதக் குடியேறிகள் எறியும் கல்லும் குப்பையும் தலையில் விழாமல் இருக்க.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். 1929-இல் தப்பியவர்களின் வாரிசுகள் சிலர், எங்கள் பெயரைச் சொல்லி அங்கே குடியேறாதீர்கள் என்று ஹெப்ரோன் குடியேறிகளைப் பார்த்துப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அன்று வெட்டப்பட்டவர்கள் அவர்களுடைய சொந்தங்கள். ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அரபு வீடுகளையும் அவர்கள் மறக்கவில்லை.