பூனை திருடவில்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலுக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்ததென்று தெரியும். மௌனப்படக் காலத்துக் கார்ட்டூன் பூனை ஃபெலிக்ஸைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஃபெலிக்ஸ் என்ன பெரிய ஃபெலிக்ஸ்? சாப்ளினுக்கு வால் ஒட்டியாச்சு, அவ்வளவுதான்" என்று அண்ணன் ஒரே வரியில் கதையை முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

சாப்ளினிடம் கற்றதை யார் மறைத்தார்கள்? 1919இல் ஃபெலிக்ஸ் வருவதற்கு முன்பே, பாட் சலிவன் ஸ்டுடியோவில் சாப்ளினையே கார்ட்டூனாக வரைந்தவர், பிறகு ஃபெலிக்ஸையும் வரைந்த ஓட்டோ மெஸ்மர். 1923இல் ஹாலிவுட் போகும் ஃபெலிக்ஸ், வாலைக் கைத்தடியாக்கி சாப்ளின் நடையை நடந்து காட்டுவான். என் சரக்கைத் திருடுகிறாயா என்று கார்ட்டூன் சாப்ளினே சண்டைக்கு வருவார். எந்தத் திருடன் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டிவிட்டுத் திருடுவான்?

நடை சாப்ளினுடையது, சரி. தலைக்கு மேல் முளைத்த கேள்விக்குறியைப் பிடுங்கிக் கொக்கியாக மாட்டுவது யாருடையது? 'கோல்ட் ரஷ்' (1925) படத்தில் சாப்ளின் ரொட்டிகளை முள்கரண்டியில் குத்தி ஆடவைத்தார். அற்புதம்தான். ஆனால் ரொட்டி கடைசிவரை ரொட்டிதான், காலாகப் பார்ப்பது நாம். ஃபெலிக்ஸ் கையில் கேள்விக்குறி நிஜமாகவே கொக்கியாகிவிடும். எந்த நடிகனாலும் ஆகாது, வரைந்த கோட்டால்தான் ஆகும். இதை நகல் என்கிறீர்களே!

"கோட்டுக்கு வலிக்காது. பஸ்டர் கீட்டன் மேல் நிஜச் சுவரே விழுந்தது" என்பீர்கள். விழுந்தது, அந்த மௌனப்படக் காமெடி நடிகர் மேல், 1928இல். ஜன்னல் இடைவெளியில் நின்று பிழைத்தார். கும்பிடுகிறேன். அதற்காக உயிரைப் பணயம் வைத்தால்தான் கலையா? வரைகிறவன் முதுகைக் கேட்டுப் பாருங்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு விளம்பரத்துக்காகக் கிழவி ஒருத்தியின் நடையை வாரக்கணக்கில் வரைந்தேன். விருது வாங்க மேடையேறியவர் முதலாளி. எனக்குப் பின்வரிசையில் பிரியாணி. அதுவும் ஆறிப்போனது.

அப்புறம், "பேசும்படம் வந்ததும் பூனை காணாமல் போச்சு, சாப்ளின் நின்றார்" என்று ஒரு வாதம். 1931இல் வசனமே இல்லாமல் 'சிட்டி லைட்ஸ்' எடுக்க அவருக்குச் சொந்த ஸ்டுடியோவும் சொந்தப் பணமும் இருந்தன. மெஸ்மர் சம்பளக்காரர். 1928இல் மிக்கி சத்தத்தோடு வந்து நின்றபோது ஒலிக்கு மாறத் தயங்கியது சலிவன். ஆனால் திரையில் வந்த பெயரும் சலிவனுடையதுதான்! மெஸ்மர் பெயர் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சலிவன்தான் படைத்தார் என்று ஆஸ்திரேலியாவில் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும்.

நகல் என்றே சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சலிவன் என்றால் நான் எழுந்து போய்விடுவேன்.