பத்து நிமிஷ ஸ்கீயிங்ல ஒன்பது நிமிஷம் பூட்ஸ்

இப்பதான் ரூமுக்கு வந்தோம். விரல் இன்னும் விறைச்சுதான் இருக்கு, ஆனா இதை இங்க கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

இமாச்சல்ல இருக்கற மணாலியிலிருந்து, ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு, நடக்கற சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 13 கிலோமீட்டர். வழியில அந்த கோட் கடையில நிக்காம எந்த வண்டியாவது போயிருக்கா, சொல்லுங்க? நம்பர் போட்ட கடைங்க வரிசையா கிடக்கு, நம்ம டிரைவர் தம்பிக்கு மட்டும் அதுல ஒரே ஒரு நம்பர் மேல தனிப் பாசம். சென்னையில தி.நகர் முழுக்க அலைஞ்சு வாங்கின ஜெர்கினைப் பார்த்துக் கடைக்காரர் சிரிக்கிறார். கோட்டுக்கு ஒரு வாடகை, கம்பூட்ஸுக்கு ஒரு வாடகை, கையுறை தனி. முந்தின நாள் யாரோ போட்டு, ஈரம்கூடக் காயாத கோட்டுக்குள்ள பிள்ளைங்களைத் திணிச்சாச்சு. இதெல்லாம் பழகின கொள்ளை, விடுங்க.

ஸ்கீயிங்குக்கு வரேன்.

ஒரு மாசமா வீட்டு ஹால்ல பிள்ளைங்க சாக்ஸ் போட்டு வழுக்கிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. யூடியூப் பார்த்து நானே சொல்லிக் கொடுத்தேன்: கால்ல மாட்டற ஸ்கீ கட்டையோட நுனி ரெண்டும் உள்ளே சேரணும், குதிகால் வெளியே அகலணும், பீட்சா துண்டு வடிவம், அதுதான் பிரேக். சமதளத்துல நடக்கக் கத்துக்கணும், விழுந்தா எழுந்திருக்கக் கத்துக்கணும், அப்புறம்தான் சரிவு. பொண்ணு இதை ஒப்பிச்சே வெச்சிருந்தா.

"ஃபுல் டிரெய்னிங் மேடம், பத்து நிமிஷம்"னார் அங்க ஸ்கீயிங் சொல்லித் தர்ற மகான். காசை முதல்ல வாங்கிட்டார். வாங்கின அந்த நொடியிலேயே கடிகாரத்தையும் ஓட விட்டுட்டார், அது எனக்கு அப்ப தெரியலை.

பையனுக்கு பூட்ஸ் வந்துச்சு. கெட்டி பிளாஸ்டிக், காலுக்கு நாலு கொக்கி. இடது காலுக்கு வந்தது அவனுக்கு, வலது காலுக்கு வந்தது அவன் அப்பாவுக்கு. மாத்தித் தரச் சொன்னோம். கூடாரத்துக்குள்ள போனவர் டீ குடிச்சுட்டு வந்தார். புதுசா வந்ததுல குதிகால் இறங்கலை. நான் மேலிருந்து தோளை அழுத்தறேன், எங்க வீட்டுக்காரர் பனியில மண்டி போட்டுக் கீழேயிருந்து இழுக்கறார், பையன் "கால் வலிக்குதும்மா"ன்னு ஊரைக் கூட்டறான். ஒருவழியா இறங்குச்சு. மேல் கொக்கி உடைஞ்சிருந்துச்சு. "நோ பிராப்ளம்." அடுத்து ஸ்கீ கட்டை. பூட்ஸ் அடியில பனி அப்பியிருந்தா, கட்டையில அதைக் கவ்விப் பிடிக்கற பைண்டிங்ல மாட்டாது, சுரண்டி எடுக்கணும். மகான் சுரண்டலை, எட்டி உதைச்சார். மாட்டலை. திரும்ப உதைச்சார். "டக்"குனு ஒரு சத்தம், என் நெஞ்சுல.

அந்த பைண்டிங் ஸ்பிரிங்கைக் குழந்தையோட எடை, உயரமெல்லாம் பார்த்துத்தான் முறுக்கி வைக்கணும். ஏடாகூடமா விழும்போது கட்டை தானா கழண்டாதான் முழங்கால் பிழைக்கும். பையன் என்ன எடைன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? இன்னிக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி, "கேஷா, யூபிஐயா?" ஹெல்மெட் இல்லையான்னேன். தலையில இருந்த குரங்குக் குல்லாவைக் காட்டினார்.

அப்புறம் நடந்ததுதான் டிரெய்னிங். கம்பை நீட்டி, பிடிச்சுக்கோன்னு சொல்லி, தேர் இழுக்கற மாதிரி இருபது அடி இழுத்தார். எங்கிருந்தோ ஒரு கேமராக்காரர் முளைச்சார். கையைத் தூக்கு, சிரி, திரும்பு. "ஹோ கயா மேடம்."

என்னது ஹோ கயா?

முடிஞ்சுதாம், பத்து நிமிஷம் ஆயிடுச்சாம். பொண்ணு முறை வர்றதுக்குள்ள அவ கேட்டா, "அங்கிள், பிரேக் எப்படிப் போடறது?" மகான் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பிரேக் அவர்தானாம்!

இத்தனைக்கும் அந்தப் பக்கத்துலயே இருக்கு புருவா கிராமம். 2018-ல துருக்கியில வெண்கலம் ஜெயிச்சு, ஸ்கீயிங்ல இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் கொண்டு வந்த ஆஞ்சல் தாக்கூரோட ஊர். நல்லா சொல்லிக் கொடுக்கற ஆளுங்க இல்லாத ஊரா அது? மணாலியில இருக்கற அரசு மலையேற்றப் பயிற்சி நிலையம் நாள் கணக்குல முறையா கோர்ஸ் நடத்துது. பேக்கேஜ்ல வந்து இறங்கற நமக்கு மட்டும் கம்பும் கேமராவும். அவங்க விக்கறது ஃபோட்டோ, ஸ்கீ கட்டை அதுக்கு அலங்காரம். அந்த ஃபோட்டோவுக்கும் தனிக் காசு, அதுல பையன் கண்ணை மூடியிருக்கான்.

இதுக்கு நடுவுல குங்குமப்பூ விக்கறவர் வேற. பிள்ளை கால் பூட்ஸுக்குள்ள சிக்கி அழுதுட்டிருக்கு, அவர் என் மூக்குக்கு நேரா டப்பாவை நீட்டி "ஒரிஜினல் மேடம்"ங்கறார்.

மாமியார் ஃபோன் பண்ணி, "பேரன் பனியில சறுக்கினானா?"ன்னு கேட்டாங்க. நல்லா சறுக்கினான் அத்தை, வண்டி நிறுத்தற இடத்துல, கம்பூட்ஸோட, இலவசமா. அப்பதான் ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. எனக்கும் சிரிப்பு வந்து தொலைச்சுது.

அதை விடுங்க. ரூம் ஹீட்டருக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு தனியா பில் போடறானுங்களே, இதைக் கேட்க நாதியே இல்லையா? வெளியே பனி கொட்டுது! கேட்டா, "ஃபேன் ஃப்ரீ மேடம்"ங்கறான்.